எல்லாருக்கும் வயசாகுதுன்னு அரசாங்கங்களுக்கு எதுக்கு இவ்ளோ பதட்டம்?

#1 அரைக்கண்_ஆந்தை

மக்களே ஒரு சந்தேகம், திட்டாம பதில் சொல்லுங்க. எந்த நாட்டு செய்திய எடுத்தாலும் "வயசானவங்க எண்ணிக்கை ஏறுது, 2050க்கு திட்டம், 2070க்கு திட்டம்"னு ஒரு அறிக்கை வந்துடுது. நாளைக்கு மழை பெய்யுமான்னே உருப்படியா சொல்ல முடியல, இவங்க நாப்பது அம்பது வருஷம் தள்ளி எத்தனை தாத்தா பாட்டி இருப்பாங்கன்னு புள்ளி வச்சு சொல்றாங்க. அது எப்படி? அப்புறம் இன்னொன்னு, மனுஷன் நிறைய நாள் உயிரோட இருக்குறது நல்ல சேதிதானே, அதுக்கு ஏன் வெள்ளம் வரப்போற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு பேசுறாங்க? நான் ஸ்கூல் படிச்சப்ப ஜனத்தொகை வெடிப்பு வெடிப்புன்னு பயமுறுத்துனாங்க, பரீட்சைல வழக்கமா வர்ற கேள்வி அது, இப்ப அப்படியே பிளேட்ட திருப்பி ஜனம் சுருங்குதுன்னு பயமுறுத்துறாங்க. ரெண்டுல எது நிஜம்?


#2 கணக்குப்பிள்ளை

ரெண்டுமே நிஜம், அதான் இதுல இருக்குற கூத்து. உலக மக்கள்தொகை 2022 நவம்பர்ல 800 கோடிய தொட்டுச்சுன்னு ஐ.நா. சொல்லுச்சு, இன்னும் ஏறி 2080கள் நடுவுல 1030 கோடி பக்கம் உச்சத்துக்கு போய் அப்புறம் மெதுவா இறங்கும்ங்கறது 2024ல அவங்க போட்ட மதிப்பீடு. ஆனா மொத்தம் ஏறிக்கிட்டு இருக்கும்போதே உள்ள இருக்குற வயசு கலவை மாறிக்கிட்டு வருது. 2018ல முதல் தடவையா 65 வயசு தாண்டினவங்க, 5 வயசுக்கு கீழ இருக்குற குழந்தைங்கள விட ஜாஸ்தியாயிட்டாங்க, உலகம் மொத்தத்துலயும் சேத்து.

மழை விஷயத்துக்கு வரேன். 2065ல 65 வயசாகப் போறவங்க யாரு? 2000ல பொறந்தவங்க. அவங்க பொறந்து வளந்து வேலைக்கே போயாச்சு, பேரேட்டுல பேர் ஏறியாச்சு, அவங்கள யாரும் புதுசா ஊகிக்க வேண்டியதில்ல. கணக்கு போடுறவன் செய்யுறது என்னன்னா ஒவ்வொரு வயசுக்காரங்களையும் வருஷத்துக்கு ஒரு படி மேல தள்ளுவான், அந்த வயசுல வழக்கமா எத்தனை பேர் சாவாங்களோ அத கழிப்பான், நாட்ட விட்டு போனவங்கள கழிச்சு வந்தவங்கள கூட்டுவான், கீழ் படில புதுசா பொறந்தவங்கள சேப்பான். கடைசி ஐட்டம்தான் ஆட்டம் காட்டும், எத்தனை குழந்தை பொறக்கும்னு சொல்றதுல பெரிய பெரிய ஆளுங்களே மண்ணைக் கவ்வியிருக்காங்க. ஆனா இன்னிக்கு பொறக்குற குழந்தைக்கு 65 வயசாக 65 வருஷம் ஆகும்ல, அதனால வயசானவங்க தலைய எண்ணுற வரைக்கும் அந்த தப்பு நம்மள தொடாது.

அப்புறம் ஆயுசு கூடுனதாலதான் இதெல்லாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அதுவும் உண்டு, ஆனா பெரிய காரணம் கீழ வரத்து கம்மியானது. 1960கள்ல உலக அளவுல ஒரு பெண்ணுக்கு சராசரியா அஞ்சு குழந்தை, இப்ப ரெண்டேகால் கிட்ட நிக்குது. அடிவாரத்துல ஆள் குறைஞ்சா உச்சில இருக்குறவங்க பங்கு தானா பெருசா தெரியும்.

பதட்டம் எதுக்குன்னா வேகத்துக்கு. 65 தாண்டினவங்க பங்கு 7 சதவீதத்துலேருந்து 14 சதவீதம் ஆக பிரான்சுக்கு 115 வருஷம் ஆச்சு, 1865லேருந்து 1980 வரைக்கும். ஜப்பான் அதே தூரத்த 24 வருஷத்துல ஓடிடுச்சு, 1970லேருந்து 1994. தென்கொரியா 18 வருஷம். அதாவது ஒரு குழந்தை பொறந்து ஓட்டு போடுற வயசுக்கு வர்ற நேரத்துல ஆஸ்பத்திரி, பென்ஷன், வீடு, ரோடு எல்லாத்தையும் மாத்தி அமைக்கணும்.


#3 ரெட்டைவால்

கணக்கெல்லாம் சரி அண்ணே, ஆனா திட்டம் போடுறேன்னு கிளம்பி இவங்க பண்ணி வச்ச வேலைய யாரும் பேச மாட்டேங்கறீங்களே. சிங்கப்பூர் 1970கள்ல "ரெண்டோட நிறுத்து"ன்னு பிரச்சாரம் பண்ணுச்சு, அதுக்கு மேல பெத்தா பிரசவ பீஸ் ஜாஸ்தி, ஸ்கூல் சீட்ல முன்னுரிமை போச்சு. 1987ல அதே அரசாங்கம் வந்து "முடிஞ்சா மூணு, மூணுக்கு மேலயும் பெத்துக்கோங்க"ன்னு கெஞ்சுச்சு. 2023ல அங்க பிறப்பு விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்கு சராசரியா எத்தனை குழந்தைங்கறது, 0.97. சீனா 1980 வாக்குல ஒரே குழந்தைன்னு கட்டாயப்படுத்தி, 2016ல சரி ரெண்டுன்னு இறங்கி வந்து, 2021ல மூணு வரைக்கும் ஓகேன்னு சொல்லி, 2022லேருந்து ஜனத்தொகை குறைய ஆரம்பிச்சிடுச்சு. இவங்களா 2070க்கு திட்டம் போடப் போறாங்க?


#4 கணக்குப்பிள்ளை

ரெட்டைவால், அடிச்சது சரியான இடத்துல. ஆனா எண்ணுறது ஒரு வேலை, பெத்துக்கோ பெத்துக்காதன்னு மனுஷன பிடிச்சு இழுக்குறது வேற வேலை. முதலாவது நல்லாவே வருது, ரெண்டாவதுல தான் எல்லாரும் விழுறாங்க.

விழுந்ததுலயே மோசமான கதை ருமேனியா. 1966ல அங்க சர்வாதிகாரியா இருந்த சௌசெஸ்குவோட அரசு கருக்கலைப்ப ஏறக்குறைய முழுசா தடை பண்ணுச்சு. 1966ல சுமார் 2.74 லட்சம் பிறப்பு, 1967ல 5.28 லட்சம். ஒரே வருஷத்துல டபுள். அடுத்தடுத்த வருஷங்கள்ல ஜனங்க எப்படியோ வழி கண்டுபிடிச்சு எண்ணிக்கை மறுபடி இறங்கிடுச்சு, ஆனா திருட்டுத்தனமா கருக்கலைப்பு பண்ணப் போய் செத்த பெண்கள் ஆயிரக்கணக்குல. 1989 டிசம்பர்ல ஆட்சி கவுந்த கையோட அந்த சட்டத்த தூக்கிட்டாங்க. அதுக்குள்ள அந்த 1967 கூட்டம் ஒரு வீக்கம் மாதிரி ஸ்கூல், காலேஜ், வேலைன்னு ஒவ்வொரு வாசலா முட்டிக்கிட்டு போயாச்சு. 2032ல அவங்களுக்கு 65. அரசியல்வாதி ஒருத்தன் கையெழுத்து போட்டு 66 வருஷம் கழிச்சு பென்ஷன் ஆபீஸ்ல கூட்டம் நெரியும். நான் திட்டம்னு சொல்றது அந்த கூட்டத்துக்கு கவுண்டர் திறந்து வைக்கிறத மட்டும்தான், 1966ல பண்ணுன மாதிரி இல்ல.


#5 பழைய_பேட்டரி

படிச்சுக்கிட்டே வந்தேன். எனக்கு 71 ஆகுது. இந்த பேச்சுல எல்லாம் "சுமை"ன்னு ஒரு வார்த்தை வரும் பாருங்க, அறிக்கைல கூட சார்பு விகிதம்னு நாசூக்கா போடுவாங்க, அர்த்தம் ஒண்ணுதான், 15லேருந்து 64 வரைக்கும் தாங்குறவன், மீதி பேர் தொங்குறவன். நான் இன்னிக்கும் வரி கட்டுறேன், பேரப்பிள்ளைங்கள பாத்துக்குறேன், நான் பாத்துக்கறதாலதான் என் மக வேலைக்கு போறா. அந்த கணக்கு எந்த கட்டத்துல வருது?

ஜப்பான்ல ஒரு வழக்கம் உண்டு, 1963லேருந்து நூறு வயசு ஆகுறவங்களுக்கு அரசாங்கம் வெள்ளி கிண்ணம் அனுப்பும். ஆரம்பிச்ச வருஷம் நூறு தாண்டினவங்க மொத்தமே 153 பேர். 2024ல 95 ஆயிரம் பேர். கட்டுப்படி ஆகாம 2016லேருந்து வெள்ளிமுலாம் பூசுன கிண்ணமா மாத்திட்டாங்க. எனக்கு இத படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு, என்னவோ மாதிரியும் இருந்துச்சு.


#6 சும்மா_வந்தேன்

விஷயம் ரொம்ப சிம்பிள் மக்களே. அமெரிக்காவுல 1940ல ஒரு பென்ஷன்காரருக்கு 159 பேர் வேலை பாத்து வரி கட்டுனாங்க. இப்ப மூணு பேர் கூட இல்ல. முடிஞ்சுது சோலி. கடைய கட்டிட்டு கிளம்ப வேண்டியதுதான்.


#7 மழைக்காகிதம்

அந்த 159 நம்பர் நிஜம்தான், ஆனா அத வச்சு பயமுறுத்துறது தப்பாட்டம். 1935ல சட்டம் போட்டு, 1937லேருந்து வரி புடிச்சு, மாசாந்திர பென்ஷன் 1940 ஜனவரில தான் கொடுக்கவே ஆரம்பிச்சாங்க. கட்டுறவங்க எல்லாரும் கட்டுறாங்க, வாங்குற தகுதி ஒரு கைப்பிடி பேருக்குத்தான். கட புதுசா திறந்த அன்னிக்கு க்யூ இருக்காதுல்ல, அது மாதிரி. 1950லயே அது 16.5 ஆயிடுச்சு, 1960ல 5க்கு வந்துடுச்சு. இதுல பெரும்பகுதி திட்டம் முதிர்ந்ததால வந்த இறக்கம், ஜனங்களுக்கு வயசானதால இல்ல. இப்ப 2.7 பக்கம் இருக்குறதுலதான் வயசு விஷயம் வேலை செய்யுது. நிஜமாவே வயசு மாற்றத்த பாக்கணும்னா ஜப்பான பாருங்க, 1960ல ஒரு முதியவருக்கு வேலை வயசுல 11 பேர், இப்ப 2 பேர்.

முதல் மாச பென்ஷன் வாங்குனது ஐடா மே ஃபுல்லர்னு ஒரு அம்மா, வக்கீல் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. மூணு வருஷத்துல அவங்க கட்டுன வரி மொத்தம் 24.75 டாலர். முதல் செக்கே 22.54 டாலர். அந்தம்மா நூறு வயசு வரைக்கும் இருந்து 1975ல போனாங்க, அதுக்குள்ள வாங்குனது 22,888 டாலர் சொச்சம். அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல, நல்லா இருந்துட்டு போனாங்க, ஆனா இந்த மாதிரி திட்டம் எப்படி ஓடுதுன்னு இதுலயே தெரியும். நீங்க கட்டுன காசு உங்க பேர்ல உண்டியல்ல இருக்குறது இல்ல, இன்னிக்கு வேலை பாக்குறவன் கட்டுறது இன்னிக்கு ரிட்டயர் ஆனவருக்கு போகுது.

அப்புறம் 65ங்கற நம்பர் ஏதோ உடம்பு சொன்ன கணக்கு இல்ல. பிஸ்மார்க் அரசாங்கத் தலைவரா இருந்த காலத்துல 1889ல ஜெர்மனி கொண்டு வந்த முதியோர் பென்ஷன் சட்டத்துல வயசு 70. 1916ல 65 ஆக்குனாங்க. மத்த நாடுங்க பலதும் அந்த பக்கமே வந்து நின்னுச்சு. அன்னிக்கு 70 வரைக்கும் இருந்தவங்களே கம்மி, இருந்தாலும் ரொம்ப வருஷம் வாங்கல. இன்னிக்கு பணக்கார நாடுகள்ல 65 ஆனவர் இன்னும் இருபது வருஷம் இருப்பார்னு எதிர்பாக்கலாம். வாக்குறுதி அதே, நீளம் மட்டும் ரொம்ப இழுத்துக்கிச்சு.


#8 நைட்ஷிப்ட்_அக்கா

எல்லாரும் பணத்த பத்தியே பேசுறீங்க, நான் ஆள பத்தி பேசுறேன். முதியோர் வார்டுல 19 வருஷம். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

65ங்கறது எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. 68 வயசுக்காரங்க வார்டுக்கு வர்றதே வேற யாரையாவது பாத்துக்கத்தான். எங்க கணக்கு 80, 85க்கு மேல தான் ஆரம்பிக்கும். அந்த வயசுல ஒரு வியாதி இருக்காது, அஞ்சு இருக்கும், பத்து மாத்திரை இருக்கும், ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை ஆகாது, பாத்ரூம் போகும்போது ஒரு தடவை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயிடுச்சுன்னா அதுக்கப்புறம் பல பேர் பழையபடி நடக்கறதே இல்ல. மறதி நோய் வந்தவங்களுக்கு மருந்த விட பக்கத்துல ஒரு மனுஷன் வேணும், அதுவும் தெரிஞ்ச முகமா இருக்கணும், ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறுனா பதறிடுவாங்க. படுத்த படுக்கையா இருக்குறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி விடணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துடும். கொஞ்சம் கனமானவங்கன்னா திருப்ப ரெண்டு பேர் வேணும். ஒரு ராத்திரி நாங்க மூணே பேர், முப்பது பேஷண்ட்டுக்கு மேல, ஒருத்தர தூக்கிட்டு இருக்கும்போது அந்த கோடில ஒருத்தர் விழுந்தார். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. எல்லா ஆஸ்பத்திரிலயும் இந்த கதை இருக்கும்.

ஆஸ்பத்திரிங்கறது என்னவா கட்டுனது? வந்தோம், வைத்தியம் பாத்தோம், குணமாச்சு, வீட்டுக்கு போனோம். வயசானவங்களுக்கு வேண்டியது அது இல்ல. ஜப்பான் இதுல ஒரு பாடம் படிச்சுது. 1973ல 70 தாண்டினவங்களுக்கு வைத்தியம் இலவசம்னு ஆக்குனாங்க. நல்ல எண்ணம்தான். என்ன ஆச்சு, வீட்டுல பாத்துக்க ஆள் இல்லாதவங்க எல்லாம் ஆஸ்பத்திரி பெட்லயே மாசக்கணக்கா தங்க ஆரம்பிச்சாங்க, நோய்னு பெருசா ஒண்ணும் இல்லாட்டி கூட. அத 1983ல நிறுத்துனாங்க. அப்புறம் ரொம்ப யோசிச்சு 2000ல பராமரிப்புக்குன்னே தனி இன்சூரன்ஸ், 40 வயசுலேருந்து எல்லாரும் கட்டணும், அதுலேருந்து வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடுறவங்க, பகல்நேர சென்டர், இல்லம் எல்லாத்துக்கும் காசு. ஜெர்மனி 1995லயே இது மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சிடுச்சு. 1973க்கும் 2000க்கும் நடுவுல எத்தனை வருஷம்னு பாருங்க. தப்ப புரிஞ்சுக்கவே ஒரு தலைமுறை.

ஏன் முன்கூட்டியே திட்டம்னு கேட்டீங்கல்ல ஆந்தை தம்பி, இது தான் என் பதில். நர்ஸ் ஆக மூணு நாலு வருஷ படிப்பு, அதுக்கு மேல வார்டுல நின்னு பழகணும். முதியோர் மருத்துவ ஸ்பெஷலிஸ்ட் வேணும்னா பத்து வருஷத்துக்கு மேல. 2040க்கு வேணும்னா இப்பவே சீட்ட திறக்கணும், சீட்டுக்கு வாத்தியார் வேணும், அந்த வாத்தியார் இப்ப வார்டுல நைட் டூட்டி பாத்துக்கிட்டு இருக்கார்.

இன்னொன்னு சொல்லிட்டு நிறுத்திக்கறேன். உலகம் முழுக்க பராமரிப்புல பெரும்பங்கு வீட்டுல சும்மா நடக்குது, பெரும்பாலும் பொம்பளைங்க. அம்மாவுக்கு முடியலன்னு அம்பது வயசுல வேலைய விடுற மக, மாமியாருக்காக விடுற மருமக. அவங்க சம்பளம் போச்சு, அவங்க வரி போச்சு, பிற்பாடு அவங்க பென்ஷனே சுருங்கிப் போச்சு. பேட்டரி சார் கேட்டாரே எந்த கட்டத்துல வருதுன்னு, இதுவும் எந்த கட்டத்துலயும் வராது.


#9 எதிர்காலவாசி

அக்கா மேல மரியாதையோட சொல்றேன், 2040ல இதெல்லாம் ரோபோ பண்ணிடும். தூக்குறது, திருப்புறது, மாத்திரை ஞாபகப்படுத்துறது எல்லாம் மெஷின். ஏஐ வர்ற வேகத்த பாத்தா ஆள் பற்றாக்குறைங்கற பேச்சே இருக்காது, வேலை தான் பத்தாது.


#10 நைட்ஷிப்ட்_அக்கா

தூக்குற மெஷின் இப்பவே இருக்கு தம்பி, எங்க வார்டுலயும் ஒண்ணு இருக்கு. அத மாட்டி விட ரெண்டு பேர் வேணும்.


#11 எதிர்காலவாசி

சரி அந்த ரவுண்டு உங்களுக்கு :)


#12 ரெட்டைவால்

அப்போ நேரா கேக்கறேன். வழி மூணுதான், குழந்தைய கூட்டு, வெளியாள கூப்பிடு, ரிட்டயர்மென்ட் வயச ஏத்து. எது வேலைக்கு ஆகும்?


#13 மழைக்காகிதம்

குழந்தைக்கு காசு கொடுத்தா கொஞ்சம் நகரும், நிலைக்கறது கஷ்டம். ஹங்கேரி நாலு குழந்தை பெத்த அம்மாவுக்கு ஆயுசுக்கும் வருமான வரி இல்லன்னு அறிவிச்சு 2020லேருந்து அமல் பண்ணுச்சு, அது போக வீட்டுக்கடன் சலுகை அது இதுன்னு. 2010 வாக்குல 1.25 பக்கம் இருந்த பிறப்பு விகிதம் 2021ல 1.6 வரைக்கும் ஏறுச்சு, 2024க்குள்ள மறுபடி 1.4க்கு கீழ வந்துடுச்சு. எப்படியும் பெத்துக்கப் போறவங்க கொஞ்சம் சீக்கிரம் பெத்துக்கிட்டாங்கன்னு ஒரு வாதம் இருக்கு, எனக்கும் அப்படித்தான் படுது. குழந்தைய பாத்துக்க நல்ல காப்பகம், அப்பாவுக்கும் லீவு, வேலைய விட்டா திரும்ப கிடைக்குங்கற தைரியம், இதெல்லாம் ரொக்கத்த விட உதவுதுன்னு தான் நான் படிச்ச வரைக்கும்.

தென்கொரியாவ எடுத்துக்கோங்க, 2023ல பிறப்பு விகிதம் 0.72. இத ஆள் கணக்கா பாத்தாத்தான் உறைக்கும். 100 பேர், அதுல 50 பெண்கள், அவங்களுக்கு 36 குழந்தை. அந்த 36ல 18 பெண், அவங்களும் அப்படியே பெத்தா 13. நூறு தாத்தா பாட்டிக்கு 13 பேரப்பிள்ளைங்க. 2024ல 0.75 ஆச்சுன்னு அங்க சந்தோஷப்பட்டாங்க.

சரி, நாளைக்கே மந்திரம் போட்ட மாதிரி எல்லாரும் மூணு பெத்துக்கிட்டாலும் அந்த குழந்தை வரி கட்ட இருபது இருபத்தஞ்சு வருஷம். அது வரைக்கும் நடுவுல இருக்குறவன் மேலயும் பாக்கணும் கீழயும் பாக்கணும். செலவு ஜாஸ்தியாகும், கம்மியாகாது.

வெளியாளுங்க வந்தா நிச்சயம் உதவும், ஆனா அவங்களுக்கும் வயசாகும். ஜெர்மனி 1955ல இத்தாலியோட, 1961ல துருக்கியோட ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்துச்சு, கொஞ்ச வருஷம் இருந்துட்டு போயிடுவாங்கன்னு நினைச்சுது. அவங்க அங்கயே தங்கி இன்னிக்கு அங்கயே பென்ஷன் வாங்குறாங்க, அது அவங்க உரிமை. ஐ.நா. 2000ல ஒரு கணக்கு போட்டுச்சு, வெளியாள வச்சு மட்டுமே வேலை வயசுக்கும் முதியவருக்கும் உள்ள பழைய விகிதத்த காப்பாத்தணும்னா தென்கொரியாவுக்கு 2050க்குள்ள எத்தனை பேர் வரணும்னு. விடை 510 கோடி பேர். அன்னிக்கு உலக ஜனத்தொகையே 600 கோடி பக்கம். ஏதோ தப்பு கணக்கு இல்ல, இந்த வழில மட்டும் போனா முடியாதுன்னு காட்டத்தான் போட்டாங்க.


#14 பழைய_பேட்டரி

மூணாவது வழிய பத்தி நான் சொல்றேன். 36 வருஷம் வெல்டிங். நாற்காலில உக்காந்து கம்ப்யூட்டர் பாக்குறவருக்கு 67 ஒண்ணும் இல்ல, 70 கூட முடியும். என் கூட வேலை பாத்தவங்கள்ல பாதி பேருக்கு 58லயே முட்டியும் கண்ணும் போயிடுச்சு. அதுல இன்னொரு அநியாயம், உடம்ப போட்டு உழைச்சவனுக்கு ஆயுசும் கம்மி. வயச ரெண்டு வருஷம் ஏத்துனா மேனேஜருக்கு இருபத்தி அஞ்சுல ரெண்டு போகுது, எனக்கு பன்னெண்டுல ரெண்டு போகுது. அதனாலதான் பிரான்ஸ்ல 2023ல 62ஐ 64 ஆக்கறேன்னதும் லட்சக்கணக்குல ஜனம் ரோட்டுக்கு வந்துச்சு. சோம்பேறிங்கன்னு வெளிய இருந்து சிரிச்சாங்க. எனக்கு அவங்க கோபம் புரிஞ்சுது.

ஏத்தவே கூடாதுன்னு சொல்லல. எல்லாருக்கும் ஒரே கோடு போடாதீங்கன்னு சொல்றேன்.


#15 கணக்குப்பிள்ளை

பேட்டரி சார் சொன்னதுதான் இதுல முள்ளு. எல்லாரும் பேசுற கணக்குல யாருக்கும் பெரிய சண்டை இல்ல, செலவ யார் தலைல வைக்கிறதுங்கறதுல தான் சண்டை. மொத்தம் நாலு தலைதான் இருக்கு. வேலை பாக்குறவன் ஜாஸ்தி கட்டணும், இல்ல ரிட்டயர் ஆனவர் கம்மியா வாங்கணும், இல்ல லேட்டா ரிட்டயர் ஆகணும், இல்ல கடன் வாங்கி இன்னும் பொறக்காதவன் தலைல கட்டணும். நாலாவதுக்கு மட்டும் ஓட்டு இல்லாததால அதுதான் எல்லாருக்கும் புடிச்ச வழி.

அரசாங்கம் அறிக்கை விடுறதுல எனக்கு பிடிச்ச விஷயமே இது தான், யார் தலைலங்கறத முன்கூட்டியே பேச வைக்குது. சில நாடுங்க இன்னும் ஒரு படி மேல போய் முடிவ அரசியல்வாதி கையிலேருந்தே பிடுங்கி ஒரு விதிக்குள்ள போட்டுட்டாங்க. ஸ்வீடன் 1990கள்ல பென்ஷன மாத்தி அமைச்சதோட தொடர்ச்சியா, வரவு செலவு ஒத்து வரலன்னா பென்ஷன் ஏறுறது தானா மட்டுப்படும்னு ஒரு பிரேக் வச்சாங்க. ஜப்பான் 2004ல அதே ஜாதில ஒண்ணு கொண்டு வந்துச்சு, கட்டுறவங்க குறைஞ்சு ஆயுசு ஏறுனா பென்ஷன் விலைவாசி அளவுக்கு ஏறாது. டென்மார்க் ரிட்டயர்மென்ட் வயச சராசரி ஆயுளோட கட்டி போட்டுடுச்சு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பாப்பாங்க, 2025ல நாடாளுமன்றத்துல 2040க்கு 70னு நிறைவேத்தியாச்சு. பதினஞ்சு வருஷ நோட்டீஸ். சீனா 1950கள்ல வச்ச வயச தொடாமலே வச்சிருந்து 2025 ஜனவரிலேருந்து தான் ஏத்த ஆரம்பிச்சிருக்கு, ஆண்களுக்கு 60லேருந்து 63, அதையும் 15 வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா. முன்னாடியே சொல்லிட்டா ஒருத்தன் தன் வாழ்க்கைய அதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கலாம், 59 வயசுக்காரன் கிட்ட போய் சொன்னா அது ஏமாத்து.

டென்மார்க் விதிலயும் வெல்டருக்கும் மேனேஜருக்கும் அடிப்படைல ஒரே கோடுதான், உடம்பு முடியாதவங்களுக்கு முன்னாடியே போக தனி வழி சிலது வச்சிருக்காங்க. அது போதுமான்னா எனக்கு அது போதும்னு தோணல.


#16 எதிர்காலவாசி

இவ்ளோ சிக்கல் எதுக்கு, அவனவன் காச அவனவன் சேத்து வச்சுக்க சொல்லிட வேண்டியது தானே. உண்டியல் என் பேர்ல இருந்தா ஜனத்தொகை ஏறுனா என்ன இறங்குனா எனக்கென்ன.


#17 மழைக்காகிதம்

சிலி 1981ல அத தான் பண்ணுச்சு, தனித்தனி கணக்கு, தனியார் கம்பெனி நிர்வாகம். வேலை தொடர்ந்து இல்லாதவங்க, இடைல நின்ன பொம்பளைங்க எல்லாருக்கும் கைக்கு வந்தது ரொம்ப கம்மி. 2019ல பெரிய போராட்டம் வெடிச்சப்ப பென்ஷனும் ஒரு காரணம். கொரோனா காலத்துல மூணு தடவை பத்து பத்து சதவீதம் எடுத்துக்க விட்டாங்க, நிறைய பேர் கணக்கு காலி.

அத விடுங்க, அடிப்படைலயே ஒரு விஷயம் இருக்கு. 2060ல நீங்க சாப்பிடப் போற சாப்பாடு 2060ல ஒருத்தன் விளைய வைக்கணும், உங்கள குளிப்பாட்ட 2060ல ஒருத்தர் வரணும். உண்டியல்ல இருக்குறது சாப்பாடு இல்ல, சாப்பாட்டு மேல ஒரு உரிமைச்சீட்டு. சீட்டு நிறைய, ஆள் கம்மின்னா சீட்டோட மதிப்பு இறங்கும், சம்பளம் விலை எல்லாம் ஏறும். அக்கா நேரத்த டப்பால போட்டு வைக்க முடியாதுல்ல. வெளிநாட்டுல முதலீடு பண்ணா கொஞ்சம் தப்பிக்கலாம், நார்வே எண்ணெய் காச அப்படித்தான் வெளிய போட்டு வச்சிருக்கு, பேரே பென்ஷன் ஃபண்டுன்னு வச்சு. எண்ணெய் இருந்தா நல்ல யோசனை.


#18 கூரைமேல்_பூனை

பணம், ஆள் ரெண்டும் பேசிட்டீங்க, இடத்த யாரும் பேசல. ஜனம் குறைஞ்சாலும் குழாய் நீளம் குறையாது. பத்தாயிரம் வீட்டுக்கு போட்ட தண்ணி பைப்ப ஆயிரம் வீட்டுக்கு பராமரிக்கணும். ஜப்பான்ல யூபாரின்னு ஒரு நிலக்கரி நகரம், 1960ல 1.17 லட்சம் பேர், சுரங்கம் ஒவ்வொண்ணா மூடி, டூரிசம்னு கடன் வாங்கி கட்டி, 2007ல நகராட்சி திவால். இப்ப ஏழாயிரத்துக்கும் கீழ. ஸ்கூல் எல்லாத்தையும் சேத்து சேத்து ஆரம்பப்பள்ளி ஒண்ணு நடுநிலை ஒண்ணுன்னு ஆச்சு. அதே நாட்டுல டோயாமா நகரம் முன்னாடியே முழிச்சுக்கிச்சு, 2006ல லைட் ரயில் விட்டு, அந்த தடத்த ஒட்டி குடி வந்தா மானியம், வயசானவங்களுக்கு டவுனுக்கு வர 100 யென் டிக்கெட். ஜனம் குறையறத தடுக்கல, குறையறவங்கள ஒரு பக்கமா சேத்து உக்கார வச்சுது.

சின்ன வேலைதான் எனக்கு பிடிக்கும். சிங்கப்பூர்ல 2009லேருந்து வயசானவங்க கார்ட சிக்னல் கம்பத்துல தட்டுனா பச்சை விளக்கு கூடுதலா சில நொடி எரியும், நிதானமா ரோட தாண்டலாம்.


#19 பழைய_பேட்டரி

அந்த பச்சை விளக்கு எனக்கு வேணும். உண்மையா சொல்றேன்.


#20 அரைக்கண்_ஆந்தை

இவ்ளோ வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து நாலஞ்சு நாட்டோட வயசு வரைபடம் பாத்துக்கிட்டு இருந்தேன், ஒவ்வொரு வயசுக்கும் ஒரு கோடு இருக்கும்ல அது. ருமேனியா வீக்கம் நல்லா தெரியுது. ஆனா ஜப்பான்ல 1966க்கு நேரா ஒரு பல்லு விழுந்த மாதிரி ஓட்டை இருக்கே, போர் கூட இல்லையே அப்ப?


#21 கணக்குப்பிள்ளை

அது நெருப்புக்குதிரை வருஷம். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும், அதுல பொறக்குற பொண்ணு ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை, அதனால அந்த வருஷம் பெத்துக்காம தள்ளி போட்டாங்க. 1965ல 18.2 லட்சம், 1966ல 13.6 லட்சம், 1967ல 19.4 லட்சம். 2031ல அவங்களுக்கு 65, பென்ஷன் ஆபீஸ்ல ஒரு வருஷம் மூச்சு விட்டுக்கலாம். அடுத்த வருஷமே ருமேனியால வீக்கம் வந்து கதவ தட்டும். பக்கத்து பக்கத்து வருஷம், ஒரு இடத்துல மூடநம்பிக்கை, ஒரு இடத்துல சட்டம். 1966க்கு அடுத்த நெருப்புக்குதிரை வருஷம் 2026.


#22 அரைக்கண்_ஆந்தை

செம. நான் பொறந்த வருஷத்து கோட்டையும் பாத்தேன். எனக்கு முன்னாடியும் பின்னாடியும் எல்லாம் நீளம் நீளமா நிக்குது, நாங்க எல்லாம் மொத்தமா போய் ஒரே நேரத்துல க்யூல நிப்போம் போல. அக்கா, அப்போ கொஞ்சம் பாத்துக்கோங்க.


#23 நைட்ஷிப்ட்_அக்கா

நான் எங்க தம்பி பாத்துக்கறது. அந்த க்யூல உனக்கு ரெண்டு ஆள் முன்னாடி நிப்பேன்.